மலையேறிய கடல் பம்பு

பதினோராவது கடையில்தான் அந்தப் போட்டோவைப் பார்த்து ஒரு மனிதர் சிரித்தார்.

"இந்த ஆளா? நட்சத்திரக்காரன் இல்ல இவன்!" என்றார் லத்தீப். வாணியம்பாடியில் செருப்பு அடி ரப்பரும் தோல் வாஷரும் விற்கிற கடை அவருடையது.

துப்பறியும் கண்ணாயிரம் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். பெயரில் ஆயிரம் கண் இருந்தாலும் முகத்தில் இருந்த இரண்டுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி தேவைப்பட்டது. வேலூரில் ஒரு மாடி அறையில் பதினாறு வருடமாகத் துப்பறிகிறார். பெரும்பாலும் கல்யாண மாப்பிள்ளைகளை.

"நட்சத்திரமா? எந்தப் படத்துல நடிச்சாரு பாய்?" என்றாள் செந்தாமரை. கணியம்பாடிப் பெண். டைப் அடிக்க என்று வேலைக்குச் சேர்ந்தவள். டைப் மெஷின் ரிப்பேரானதும் உதவியாளர் ஆகிவிட்டாள். மெஷின் இன்னும் ரிப்பேரில்தான் இருக்கிறது.

லத்தீப் மேஜை இழுப்பறையில் துழாவி ஒரு கறுப்பு ரப்பர் சக்கரத்தை எடுத்துப் போட்டார். நடுவில் ஓட்டை, நட்சத்திரம் மாதிரி சுற்றிலும் தடித்த கைகள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. மற்ற மூன்றும் அடியோடு பிய்ந்து, பிய்ந்த இடம் கருகியிருந்தது.

"இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுன்னான். ஷூ அடிக்கு வெச்சிருந்த நல்ல ரப்பர்ல வெட்டிக் குடுத்தேன். மாதிரிய இங்கியே வுட்டுட்டுப் போய்ட்டான். அப்புறம் ரெண்டு முறை வந்து இன்னும் ரெண்டு வாங்கினு போனான்."

"முதல் தடவை வந்தது எப்ப, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு. சனிக்கிழமை காலைல பூட்டத் திறக்கறேன், வாசல்ல குந்தினு கீறான். அன்னிக்கி என் தங்கச்சி மகனுக்கு நிக்காஹ். ஜூலை இருபத்தெட்டு. புதூர்நாட்டு ஜீப்பு போய்டும், சீக்கிரம், சீக்கிரம்னு என் உயிர எடுத்துட்டான்."

கண்ணாயிரம் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு முத்திரைத்தாளை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு கருகிய ரப்பரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, கடை டெலிபோனைக் கேட்டு வாங்கித் திருப்பத்தூருக்குப் பேசினார்.

"ஆள் புதூர்நாட்டில் இருக்கிறான் சார். ஒரு மணிக்கு மேல் வாருங்கள்."

மறுமுனையில் இருந்தவர் அவருடைய கட்சிக்காரர் அருணகிரி. மெட்ராஸ் ஏற்றுமதி வியாபாரி. திருப்பத்தூர் லாட்ஜில் இரண்டு நாளாக ஒரு நோட்டரி வக்கீலோடு தங்கிக் காத்திருந்தார்.

* * *

ஜவ்வாது மலைப் பாதையில் ஜீப் ஏறியது. எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினேழு பேரும் இரண்டு பலாப்பழமும் இருந்தார்கள். மூன்றாவது வளைவிலேயே கண்ணாயிரத்தின் முகம் பச்சையாகிவிட்டது.

"பேசிக்கினே வாங்க சார். வாந்தி தெரியாது," என்றாள் செந்தாமரை. "கேஸை முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்குத் தெரியாத மாதிரி கேக்கறேன்."

கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

அருணகிரிக்கு 'கயல்' என்று ஒரு பாய்மரப் படகு இருந்தது. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் உள்ளே ஒரு சிறிய டீசல் எஞ்சின். எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரை உறிஞ்சி அதைச் சுற்றி ஓட விடுவதற்கு, உள்ளே ரப்பர் சக்கரம் சுற்றும் ஒரு பித்தளைப் பம்பு. ஜூலை இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. அருணகிரியும் அவருடைய கூட்டாளி சுப்பிரமணியும் படகில் போனார்கள். இரண்டு மணி நேரம் எஞ்சினில் ஓட்டிய பிறகு பம்பின் ஹோஸ் குழாய் கழன்றுகொண்டது, அது வழியாகக் கடல் உள்ளே வந்துவிட்டது, படகு முழுகிவிட்டது. அருணகிரியை மீன்பிடிக் கட்டுமரம் காப்பாற்றியது. சுப்பிரமணிக்கு நீந்தத் தெரியாது. பிணமாகத்தான் கரைக்கு வந்தார்.

"இதெல்லாம் அருணகிரி சொன்னது," என்றாள் செந்தாமரை.

"மிச்ச ஆள் செத்துட்டாரே, வேற யார் சொல்லுவா? பம்பை மாட்டின மெக்கானிக் சின்னராசு. ஜவ்வாது மலைக்காரன். அன்னிலேர்ந்து ஆளைக் காணோம். அவனைக் கண்டுபிடிச்சு இந்தத் தாளில் கையெழுத்து வாங்கணும். அதுதான் நம்ம வேலை."

செந்தாமரை முத்திரைத்தாளை வாங்கி உரக்கப் படித்தாள். "'ஜூலை 27 வெள்ளிக்கிழமை மாலை, கயல் படகின் எஞ்சினில் 4471 என்ற எண்ணுள்ள பம்பைப் பழுதுபார்த்துப் பொருத்தினேன். ஹோஸ் குழாயின் கிளிப்பை முறுக்க மறந்துவிட்டேன். என் கவனக்குறைவால் திரு. சுப்பிரமணி உயிரிழந்தார்.' ஐயோ பாவம், மெக்கானிக்குக்குச் சிரமமே வைக்கலியே! குத்தத்தையும் இவங்களே யோசிச்சு, டைப்பும் அடிச்சு… பம்பு நம்பரெல்லாம் போட்டு…"

"நம்பர் வக்கீல் போட்டது. இறக்குமதி ரசீதைப் பாத்து."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் கூட்டாளிங்க ரெண்டு பேரும் ஆறு மாசமா பேச்சுவார்த்தை இல்லாதவங்கன்னு அவங்க ஆபீஸ் பியூன் சொன்னான். பேசிக்காதவங்க எதுக்கு ஒரே படகுல போறாங்க?"

"நான் வேற ஒண்ணு கேக்கறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பம்பு வேலை முடிஞ்சுபோச்சு. சனிக்கிழமை காலைல அதே பம்போட ஒடஞ்ச ரப்பரைத் தூக்கிக்கிட்டு வாணியம்பாடியில் ஏன் உக்காந்திருந்தான்?"

"ஸ்பேருக்கா இருக்கும்."

"அப்படின்னா மெட்ராஸ் பஸ்ஸில் ஏறியிருக்கணும். புதூர்நாட்டு ஜீப்பில் ஏறினான். அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு ரப்பர் தேவைப்பட்டிருக்கு. கடலே இல்லாத மலையில் கடல் பம்போட சக்கரம் எப்படித் தேயும்?"

"சார், நாம அவசரப்பட்டு அருணகிரிக்குப் போன் பண்ணிட்டமோ?" என்றாள் செந்தாமரை.

கண்ணாயிரம் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வளைவு வந்துவிட்டது.

* * *

புதூர்நாட்டில் கரண்ட் கிடையாது. எஞ்சின் சத்தம் கேட்டால் அது மாவு மில்தான். இவர்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போது அந்தச் சத்தமும் நின்றது.

ஓடைக்கரையில் தகரக் கொட்டகை. வெளியே முப்பது பெண்கள் கேழ்வரகுக் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். ஆடி மாதக் கடைசி. ஊர் ஊராக அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற சமயம். மில்லின் வாசலில் நின்று எல்லாரையும் சமாளித்துக்கொண்டிருந்தவள் மங்கம்மாள்.

"தோ ஆய்டும். கா மணி நேரம். சாமி ஒண்ணும் கூழு இல்லாம ஓடிப்போய்டாது, நில்லுங்க!"

உள்ளே எஞ்சினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் போட்டோவில் பார்த்த ஆள். தலையெல்லாம் மாவு. மரச்சட்டத்தில் முடுக்கியிருந்த ஒரு பித்தளைப் பம்பை அவன் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன கோளாறு தம்பி?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தார் கண்ணாயிரம், மாவரைக்க வந்தவர் போல.

"ஓடைத் தண்ணில எல வந்து குழாய அடைச்சிக்கிச்சி சார். தண்ணி இல்லாம ஓடினா இதுக்கு அரை நிமிஷம் போதும், கருகிடும். இத கொஞ்சம் புடிங்க." ஆள் யார் என்றுகூடப் பார்க்காமல் நாலு ஸ்க்ரூக்களை அவர் உள்ளங்கையில் வைத்தான். மூடியை எடுத்தான். இரண்டு ஸ்க்ரூடிரைவரை இரு பக்கமும் கொடுத்து நெம்பி ரப்பர் சக்கரத்தை வெளியே எடுத்தான். ஒரு கை பிய்ந்திருந்தது.

"புதுசு மாட்டிடலாமே," என்றாள் செந்தாமரை.

"மாட்டலாம்மா. பிஞ்ச துண்டு எங்கன்னு பாத்துட்டுத்தான் மாட்டணும். வுட்டா அது போய் உள்ள எங்கனா அடைச்சிக்கும், எஞ்சின் காலி." கம்பியை விட்டுக் குடைந்து துண்டை வெளியே எடுத்தான். உடைந்த இடத்தில் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டான். புது ரப்பரின் கைகளில் சோப்பு நுரையைத் தடவினான். எல்லாக் கையும் ஒரே பக்கம் மடங்குமாறு திருகித் திருகி உள்ளே இறக்கினான். "சுத்தற பக்கம் பாத்து மடக்கணும். சோப்பு எதுக்குன்னா, தண்ணி வர்ற வரைக்கும் வழுக்கிக் குடுக்கும்."

பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய பேக்கிங்கை வைத்து மூடியைப் போடப் போனான். அந்த இடைவெளியில் கண்ணாயிரம் பம்பின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். ஏதோ நறநறத்தது. நகத்தால் பெயர்த்து எடுத்தார். வெள்ளையாய், பருப்பளவில் ஒரு கூம்பு. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சார்!" என்றாள் செந்தாமரை. "பசிச்சா சொல்லக்கூடாதா?"

"தம்பி," என்றார் கண்ணாயிரம் மெதுவாக. "இந்தக் கடல் சிப்பி இங்க எந்த ஓடையில் கிடைக்கும்?"

சின்னராசுவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. எழுந்து ஓடுவான் என்று செந்தாமரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவன் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவர் காலைத் தொட்டான்.

"திருடிட்டேன் சார். இந்தப் பம்பு படகோடதுதான். மெட்ராஸ்லேர்ந்து எடுத்துனு வந்துட்டேன். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல போலீசு என்னைத் தேடுச்சுன்னாங்க. பம்புக்காகத்தான்னு தெரியும். என்னை இஸ்துனு போங்க."

வாசலிலிருந்து அவன் மனைவி மங்கம்மாள் வந்தாள். முகத்தில் இருந்த மாவோடு அவள் வெளுத்தது தெரியவில்லை; குரலில் தெரிந்தது.

"இன்னா சொன்ன? கடையில வாங்கினேன்னியே! அம்மன் கூழுக்கு அரைக்கறதுக்குன்னு திருட்டுப் பம்பா எடுத்தாந்த?"

"எஞ்சின் சூட்டுல ட்ரம் தண்ணி அரை மணில கொதிச்சிப் போவுது, பொம்பளைங்க கொடம் கொடமா தூக்கி ஊத்தறீங்கன்னு நீதானே லெட்டர் போட்ட…"

"பம்பு வேணும்னு போட்டேன். திருடினு வான்னா போட்டேன்?"

"நில்லும்மா," என்றார் கண்ணாயிரம். அவர் குரல் மாறியிருந்தது. "சின்னராசு, எந்திரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது? ஒண்ணு விடாம சொல்லு."

சின்னராசு சொன்னான். வெள்ளிக்கிழமை பம்பைப் பிரித்தால் ரப்பரில் மூன்று கை இல்லை. மெட்ராஸில் எங்கேயும் மாற்று கிடைக்கவில்லை. அருணகிரி சாயங்காலத்துக்குள் வேலை முடியவேண்டும் என்று சத்தம் போட்டிருந்தார். இவனுக்கு வாணியம்பாடி ஞாபகம் வந்தது. கூடவே வீட்டு மில்லும் ஞாபகம் வந்தது. பம்பை முழுசாகக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டான். இரண்டு நாள் மில்லை ஓட்டிக்கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை புது ரப்பரோடு திரும்பிப்போய் மாட்டிவிடலாம் என்று கணக்கு.

"அருணகிரிகிட்ட என்ன சொன்ன?"

"போன் பண்ணி… 'வேலை முடிஞ்சுது சார், மாட்டியாச்சு'ன்னு சொன்னேன். எல்லா மெக்கானிக்கும் சொல்றதுதான் சார்."

"திங்கட்கிழமை ஏன் போகல?"

"நல்லா ஓடுச்சு சார். நாளைக்கு, நாளைக்குன்னு… அப்புறம் பயந்துட்டேன்."

கண்ணாயிரம் கேழ்வரகு மூட்டைமேல் உட்கார்ந்தார். நான்கு நாளாகத் தேடிய மெக்கானிக் கிடைத்துவிட்டான். கட்சிக்காரர் கேட்ட குற்றத்தைத் தவிர வேறு எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறான்.

"அந்தப் படகு முழுகிடுச்சு, உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்பது அவன் முகத்திலேயே இருந்தது. புதூர்நாட்டுக்குப் பேப்பர் வருவதில்லை. வந்தாலும் அதில் வடை வருகிறது.

"ஞாயிற்றுக்கிழமை. சுப்பிரமணி செத்துட்டார்."

சின்னராசு பம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் இத எடுத்ததாலயா சார்? தொறந்த ஓட்டை வழியா தண்ணி பூந்துடுச்சா?"

"நீதான் சொல்லணும். பம்பை எடுத்த பிறகு அந்த ஓட்டையை என்ன செஞ்ச?"

"படகடியில வால்வு கீது, அத மூடினேன். ஹோஸ் வாயில கட்டை அடிச்சேன். கட்டை மேல கம்பி போட்டு முறுக்கினேன். முறுக்கு எத்தினின்னு கூட சொல்லுவேன் சார், ஏழு. ஒரு சொட்டு வராது. வால்வை யாராவது கையால தொறந்து, கம்பிய அவுத்து, கட்டையப் புடுங்கினாத்தான் உண்டு." சட்டென்று நிமிர்ந்தான். "சுப்பிரமணி சார் எப்படி சார் முழுகுவாரு? அவருக்குத் தண்ணின்னா பயம். படகு கட்டிக் கெடக்கறப்பவே மெதக்கற ஜாக்கெட்டு போட்டுக்குவாரு. நாங்கல்லாம் சிரிப்போம். 'சிரிங்கடா, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது'ன்னு சொல்லுவாரு."

கண்ணாயிரமும் செந்தாமரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ் அறிக்கையை இருவரும் படித்திருந்தார்கள். கரை ஒதுங்கிய பிணத்தின் மேல் ஜாக்கெட் இல்லை. அருணகிரி மேல் இருந்தது.

"சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள் செந்தாமரை. "பம்பே இல்லாம எஞ்சின் ரெண்டு மணி நேரம் ஓடுமா?"

"பத்து நிமிஷத்துல இறுகிடும்மா," என்றான் சின்னராசு.

"அப்ப அருணகிரி எஞ்சினையே போடல. மூடியைத் தொறந்துகூடப் பார்க்கல. பாய் விரிச்சே போயிருக்காரு."

"பாய்மரப் படகாச்சே," என்றார் கண்ணாயிரம். "வேற எங்கேயோ தண்ணீரை விட்டுட்டு, பழியைப் பம்பு மேல போட்டுட்டார். முந்தாநாள்தான் மாட்டினது, மாட்டினவன் ஏழை, சொன்னா எல்லாரும் நம்புவாங்க. எல்லாம் சரியா யோசிச்சிருக்கார். ஒரே ஒரு இடத்தில் கோட்டைவிட்டுட்டார். இந்த நாட்டில் ஒரு மெக்கானிக் 'வேலை முடிஞ்சுது சார்'னு சொன்னதை நம்பி ஒரு மனுஷன் கொலை பண்ணியிருக்கான், செந்தாமரை!"

சின்னராசு சிரிக்கவில்லை. "நான் உண்மையச் சொல்லியிருந்தா அவரு உயிரோட இருந்திருப்பாரா சார்?"

கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியல தம்பி. பம்பு இல்லேன்னா வேற ஒரு சாமான் மேல பழி போட்டிருப்பார். ஆனா அந்த வேற சாமான் படகோட கடலுக்கு அடியில் போயிருக்கும். இது மட்டும்தான் மேல வந்திருக்கு."

தூரத்தில் மலைப்பாதையில் ஜீப் ஹாரன் கேட்டது. மணி ஒன்று.

* * *

அருணகிரி வெள்ளை பேன்ட்டும் வெள்ளைத் தோல் ஷூவுமாக இறங்கினார். பின்னால் கறுப்புக் கோட்டோடு வயதான நோட்டரி. கையில் முத்திரைப் பெட்டி. மில் அமைதியாக இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றின் மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது.

"பலே மிஸ்டர் கண்ணாயிரம்! கல்யாண விசாரணைதான் செய்வீர்கள் என்று நினைத்தேன்." சின்னராசுவைப் பார்த்ததும் குரலை உருக்கமாக்கிக்கொண்டார். "ஏம்ப்பா, நான் உன்னைத் தண்டிக்க வரவில்லை. மறதி யாருக்கும் வரும். ஒரு கையெழுத்து போட்டுவிடு. பெரிய வக்கீல் வைத்து நானே உன்னைக் காப்பாற்றுகிறேன்."

"போடுவான் சார்," என்றார் கண்ணாயிரம். "ஒரே ஒரு சிக்கல். அவன் போட்டுவிட்டு நாளைக்குக் கோர்ட்டில் 'நான் பம்பை மாட்டவே இல்லை' என்று மாற்றிச் சொன்னால்?"

"எப்படிச் சொல்வான்? நான்தான் பார்த்தேனே!"

"பார்த்தீர்களா? அதைத்தான் கேட்கிறேன். நீங்களும் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டால் இவன் வாயைத் திறக்க முடியாது. நோட்டரி சார்தான் இருக்கிறாரே."

நோட்டரி தலையாட்டினார். சட்டப்படி நல்ல யோசனை என்றார். இரண்டு நாளாக லாட்ஜில் சும்மா இருந்ததில் அவருக்கு எதிலாவது முத்திரை குத்தவேண்டும்போல் இருந்தது.

செந்தாமரை எழுதினாள். அருணகிரி சொல்லச் சொல்லச் சரளமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சின் மூடியைத் தானே திறந்து பார்த்தார். 4471 எண்ணுள்ள பம்பு பொருத்தப்பட்டிருந்ததைக் கண்ணால் கண்டார். எஞ்சின் இரண்டு மணி நேரம் ஓடியது. அந்தப் பம்பு படகோடு கடலில் மூழ்கிவிட்டது.

"எண்ணையும் பார்த்தீர்களா?" என்றார் கண்ணாயிரம் பணிவாக.

"தெளிவாக."

"என் கண்ணுக்கு அதெல்லாம் ஆகாது சார். எழுதிக்கொள், செந்தாமரை. தெளிவாக."

அருணகிரி கையெழுத்துப் போட்டார். நோட்டரி மையைத் தொட்டுத் தொட்டு மூன்று முத்திரை குத்தினார். செந்தாமரை தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

"என் ஜீப் எங்கே போகிறது?" என்றார் அருணகிரி.

"திருப்பத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு. சின்னராசு, எஞ்சினைப் போடு."

சின்னராசு கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் இருமி, புகைவிட்டு, ஓட ஆரம்பித்தது. மங்கம்மாள் சாக்கை இழுத்து எறிந்தாள். பெல்ட் சுற்ற, பித்தளைப் பம்பு ஓடைத் தண்ணீரை உறிஞ்சி மறுபக்கக் குழாய் வழியாகக் கொட்டியது.

நோட்டரிதான் முதலில் குனிந்தார். சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தார். "நாலு… நாலு… ஏழு… ஒன்று!" பிறகு நிமிர்ந்து, தன் முத்திரைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அருணகிரி குனிந்து எண்ணைப் பார்த்தார். "இது… வேறு பம்பு. ஸ்பேர்."

"ஒரே எண்ணில் இரண்டா?"

"அப்படியானால் இவன் திருடியிருக்கிறான்! திருட்டுப் பயல்!"

"ஆமாம் சார், அவனே ஒப்புக்கொள்கிறான்," என்றார் கண்ணாயிரம். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருடினான். பம்பு உங்களுடையது. நீங்கள் புகார் கொடுத்தால் இன்றைக்கே உள்ளே போவான். கொடுக்கிறீர்களா?"

அருணகிரி வாய் திறந்தார். யோசித்தார். புகார் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை படகில் பம்பு இல்லை. கொடுக்காவிட்டால் சின்னராசு திருடனே இல்லை. அவர் நோட்டரியைப் பார்த்தார். நோட்டரி கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

பிறகு அருணகிரி திடீரென்று பம்பை நோக்கிப் பாய்ந்தார். பெல்ட்டைப் பிடித்து இழுக்க நினைத்தாரோ என்னவோ, மங்கம்மாள் அதற்குள் ஒரு கூடை மாவை அவர் முகத்தில் கவிழ்த்துவிட்டாள். தும்மிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பியவர் முன்னால் முப்பது பெண்கள் நின்றார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு முழுசாகப் புரியவில்லை. ஓடுகிற மில்லை நிறுத்தப் பார்த்த ஆள் என்பது மட்டும் புரிந்தது.

"குந்துய்யா," என்றாள் ஒருத்தி.

அருணகிரி உட்கார்ந்தார். கீழே இறங்க முப்பது கிலோமீட்டர். ஷூ வெள்ளைத் தோல்.

சின்னராசு அவர் எதிரில் வந்து நின்றான். கை முஷ்டியாக இருந்தது. அடிப்பான் என்று கண்ணாயிரம் எழுந்தார். அவன் அடிக்கவில்லை. "அந்த ஜாக்கெட்ட எப்படி சார் அவுக்கச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான். அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு அவரிடம் டைப் அடித்த பதில் எதுவும் இல்லை.

* * *

நாலரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். செந்தாமரை முன் சீட்டிலிருந்து இறங்கினாள். அவர் வாக்குமூலத்தை ஏற்கெனவே வழியில் படித்திருந்தார். பம்பு எண்ணைத் தன் கண்ணால் பார்த்தார். அருணகிரியை ஜீப்பின் பின்னால் ஏற்றச் சொன்னார். மாவு பூசிய முகத்தோடு அவர் அமைதியாக ஏறிக்கொண்டார்.

"பம்பைக் கழட்டுங்க. கோர்ட்டுக்குப் போகணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எத்தினி நாளைக்கு?" என்றாள் மங்கம்மாள்.

"கேஸ் முடியற வரைக்கும்மா. ஆறேழு வருஷம் ஆகலாம்."

மங்கம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள். வரிசையில் இன்னும் ஒன்பது கூடைகள் இருந்தன. "அப்ப கொஞ்சம் அப்படி குந்துங்க சார். இந்த ஒம்போதயும் அரைச்சிட்டுக் குடுக்கறேன். ஏழு வருசம் நிக்கப் போற கேசு, முக்கா மணி நேரம் நிக்காதா?"

இன்ஸ்பெக்டர் கண்ணாயிரத்தைப் பார்த்தார். கண்ணாயிரம் கேழ்வரகு மூட்டையில் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கொலை வழக்கின் முதல் சான்றுப் பொருள் அடுத்த முக்கால் மணி நேரம் ஒன்பது கூடைக் கேழ்வரகு அரைத்தது. நோட்டரி மாவு விழும் இடத்தில் கூடை பிடித்துக்கொடுத்தார்.

கடைசிக் கூடை முடிந்ததும் சின்னராசு எஞ்சினை நிறுத்தி, பம்பைக் கழற்றித் தண்ணீரை வடித்தான். ரப்பர் சக்கரத்தையும் உருவித் தனியாக எடுத்தான்.

"அது எதுக்கு தனியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓடாம கெடந்தா கை மடங்கினாப்பலயே இறுகிடும் சார். வெளிய எடுத்துத்தான் வெக்கணும்." இரண்டையும் ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவனே ஜீப்பில் ஏறினான். "அந்த ரெண்டு பொண்ணுங்க எங்க இருக்குதுங்க சார்? கோர்ட்டுக்கு முன்னாடி அவங்களப் பாத்து நான் சொல்லணும்."

"நான் கூட்டிப் போறேன்," என்றார் கண்ணாயிரம்.

ஜீப் கிளம்பும்போது மங்கம்மாள் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. புருஷனின் தலையில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"சாட்சி சொல்லிட்டு வர்றப்ப ஒரு பம்பு வாங்கினு வா," என்றாள். "இந்தத் தபா கடையில. பில்லோட."